ஷோர்ட் ஸ்கேல் ஹொலோ பொடி பேஸுக்கு ஃபிளாற்வவுண்ட் கம்பி: அளவெடுக்கிறதில இருந்து சுருதி சேர்க்கிற வரைக்கும்

வயலின் வடிவ பேஸ் கிற்றார் ஒண்டு, இல்லாட்டி ரெண்டு பக்கமும் எஃப் ஓட்டை வெட்டின பெரிய வயித்து பேஸ் ஒண்டு கையில வந்திட்டுது, கடையில இருந்து வந்த கம்பி கரகரக்குது, ஃபிளாற்வவுண்ட் (தட்டைப் பட்டி சுத்தின கம்பி) போட்டால் வடிவா இருக்கும் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம், சரி எந்தச் செற்றை எடுக்கிறது? இந்தக் கேள்வி என்னட்டக் கன பேர் கேக்கினம், கேக்கிற எல்லாரும் பிராண்டில இருந்துதான் தொடங்கினம். "அண்ணை, லா பெல்லா நல்லமோ தொமாஸ்டிக் நல்லமோ?" நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், உங்கட ரெயில்பீஸில (கம்பியின்ர அடி கொழுவுற துண்டு) இருந்து நட் (கழுத்து நுனியில கம்பி ஏறுற சின்ன வெட்டுத் துண்டு) வரைக்கும் எத்தனை இஞ்ச்? அதுக்கு மறுமொழி வராது. அது தெரியாமல் பேர் கதைச்சு ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனெண்டால் யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு நாங்கள் ஒரு ஃபிளாற் செற்றை வாங்கி, கொழுவிப் பாத்து, சரிவராட்டில் கடையில குடுத்து மாத்த ஏலாது. இஞ்ச கடையளில தொங்குறது பெரும்பாலும் 34 இஞ்ச் பேஸுக்கான, 45-105 தடிப்பு றவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுத்தினது) தான். ஃபிளாற் வேணுமெண்டால் கொழும்பில தேடிப் பிடிக்கோணும், இல்லாட்டி கனடாவில இருந்தோ லண்டனில இருந்தோ வாற ஆரின்ரையும் பெட்டிக்குள்ள வரோணும். ஒருக்கால்தான் வரும். ஆனபடியால் ஓடர் குடுக்க முதல் எல்லாக் கணக்கையும் முடிச்சிடோணும்.

முதல் உங்கட பேஸ் என்ன எண்டு பாருங்கோ

ஸ்கேல் எண்டுறது கம்பி அதிருற நீளம், நட்டில இருந்து பிரிட்ஜில (பொடிக்கு மேல கம்பியைத் தாங்குற துண்டு) கம்பி தொடுற இடம் வரைக்கும். அதை நேர அளக்கிறதை விட நட்டின்ர உள்விளிம்பில இருந்து 12ஆவது ஃபிரெற் கம்பியின்ர (கழுத்துக்குக் குறுக்காப் பதிச்ச உலோகக் கீற்று) நடு வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்குங்கோ, அதுதான் சரியான அளவு, ஏனெண்டால் பிரிட்ஜ் எப்பவும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளித்தான் நிக்கும். ஹொஃப்னர் வயலின் பேஸ் 30 இஞ்ச் (762 மில்லிமீற்றர்), கிப்சன் 1958இல விட்ட ஈபி-2 30.5 இஞ்ச், எபிஃபோன் வயோலா பேஸும் அதே 30.5, ஐபனேஸ் ஏஜிபி200 30.3 இஞ்ச். இந்த 30 இஞ்ச் சாதியைத்தான் "ஷோர்ட் ஸ்கேல்" எண்டுறது. ஃபெண்டர் பிரிசிஷன் 1951இல வரேக்க பிடிச்ச 34 இஞ்ச்தான் (864 மில்லிமீற்றர்) இண்டைக்கு "லோங் ஸ்கேல்" எண்டு சொல்லுறது. ரெண்டுக்கும் நடுவில 32 இஞ்ச் "மீடியம் ஸ்கேல்" எண்டொரு சாதி இருக்கு, அந்தப் பேரை ஞாபகம் வச்சிருங்கோ, கீழ தேவைப்படும்.

அடுத்தது உள்ளுக்க என்ன இருக்கெண்டு பாருங்கோ. எஃப் ஓட்டைக்குள்ளால, இல்லாட்டி பிக்கப் (கம்பியின்ர அதிர்வை ஆம்புக்கு எடுக்கிற காந்தப் பெட்டி) ரிங்கைக் கழட்டி, ரோச் அடிச்சால் நடுவில மரக்கட்டை ஓடுதோ இல்லையோ எண்டு தெரியும். கட்டை இருந்தால் செமி ஹொலோ, கம்பி இழுக்கிற பாரத்தை அது தாங்கும். கட்டை இல்லாமல் முழுசா வெறும் கூடு எண்டால் அது முழு ஹொலோ, பாரம் எல்லாம் அந்த மெல்லிய மேற்பலகையில. பிரிட்ஜையும் பாருங்கோ, திருகாணி போட்டு இறுக்கியிருக்கோ, இல்லாட்டி வெறும் மரத்துண்டு மேற்பலகைக்கு மேல சும்மா நிக்குதோ? ஹொஃப்னர் மாதிரி பேஸில அது சும்மாதான் நிக்குது, கம்பியின்ர அழுத்தம்தான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. கம்பி எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டினால் பிரிட்ஜ் கழண்டு மடியில விழும். இதைப் பேந்து கொழுவுற இடத்தில திரும்பவும் சொல்லுவன்.

ஃபிளாற்வவுண்ட் ஏன், ஆருக்கு வேண்டாம்

நடுவில ஒரு உருக்குக் கம்பி, அதைச் சுத்தி இன்னொரு கம்பி. சுத்தின கம்பி உருண்டையா இருந்தால் றவுண்ட்வவுண்ட், தட்டைப் பட்டியா இருந்தால் ஃபிளாற்வவுண்ட். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் கைக்கும் காதுக்கும் அது வேற சாமான். றவுண்ட்வவுண்டில விரலை வழுக்கினால் நகத்தால பனையோலைப் பாயை உரசின மாதிரி சீய்க் எண்டு ஒரு சத்தம் வரும், ஃபிளாற்றில அது இல்லை. மேல் சுரங்கள் குறைஞ்சு அடி உருண்டு வரும், தட்டின உடனே "தும்" எண்டு விழுந்து கெதியா அடங்கும். ஹொலோ பொடியும் அதே குணம்தான், தொடக்கம் பலமா, இழுப்பு (சத்தம் நீண்டு நிக்கிறது) குறைவா. அதால ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தும்.

பழைய கதையும் அப்பிடித்தான். 1950கள் 60களில எலெக்ரிக் பேஸ் எண்டாலே ஃபிளாற்தான். பீற்றில்ஸின்ர போல் மக்கார்ட்னி 1961இல ஹாம்பேர்க்கில அந்த ஹொஃப்னரை வாங்கினது, மோட்டவுன் எண்ட அமெரிக்க இசைக் கம்பனியில ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷனில லா பெல்லாவின்ர தடிச்ச 52-110 ஃபிளாற் போட்டு வருசக்கணக்கா மாத்தாமலே வாசிச்சது, எல்லாம் அந்தச் சத்தம். 1966 அளவில த ஹூ குழுவின்ர பேஸ்காரன் ஜோன் என்ட்விஸிலும் ரொட்டோசவுண்ட் கம்பிக் கம்பனியும் சேந்து றவுண்ட்வவுண்டைச் சரிப்படுத்தின பிறகுதான் அந்தப் பளபளப்பான பேஸ் சத்தம் வந்து மற்றதை ஒதுக்கினது.

இஞ்ச எங்களுக்கு அது எங்க உதவும் எண்டால், சேர்ச் கொயரில, பைலாவில, கோயில் திருவிழா இசைக்குழுவில பழைய சினிமாப் பாட்டு வாசிக்கேக்க. ஓர்கன், கீபோர்ட், ரெண்டு கிற்றார், தபேலா, ஒக்டபாட் எல்லாம் ஒரே நேரம் கத்துற இடத்தில பேஸ் கீழ நிண்டு தாங்கினால் காணும், மினுங்கத் தேவையில்லை. ஆனால் ஸ்லாப் (பெருவிரலால கம்பியில அடிச்சு வாசிக்கிறது) அடிக்கிற ஆள், மெற்றல் வாசிக்கிற ஆள், பிக்கால கடகடவெண்டு அடிச்சு எல்லாருக்கும் மேலால கேக்கோணும் எண்டு நினைக்கிற ஆள், நீங்கள் ஃபிளாற்றுக்குக் காசு செலவழிக்காதேங்கோ. ஒரு றவுண்ட் செற்றின்ர விலையைப் போல ரெண்டு மூண்டு மடங்கு போகும், போட்டிட்டு "சத்தம் செத்துப்போச்சு" எண்டு சொல்லுறதில அர்த்தமில்லை.

அளவு எடுக்கிறது: இதில விட்டால் எல்லாம் விட்ட மாதிரி

தையல் ரேப் ஒண்டு எடுங்கோ, இரும்பு ரேப் பூச்சைக் கீறும். கம்பியின்ர அடியில இருக்கிற குண்டு ரெயில்பீஸில எங்க போய் உக்காருதோ அந்த இடத்தில ரேப்பை வைச்சு, பிரிட்ஜுக்கு மேலால கொண்டுபோய், நட்டின்ர உள்விளிம்பு வரைக்கும் அளவுங்கோ. இதை முதல் அளவு எண்டு வைப்பம். பேந்து அதே இடத்தில இருந்து ஈ கம்பி (ஈ, ஏ, டீ, ஜீ நாலில தடிச்சது) சுத்துற, தலையில இருக்கிற சுருதிக் கட்டையின்ர நடு வரைக்கும் அளவுங்கோ, அது ரெண்டாவது அளவு. ரெண்டையும் எழுதி வையுங்கோ.

இப்ப கம்பியைப் பாருங்கோ. பேஸ் கம்பி நுனியில கலர் பட்டுநூல் சுத்தியிருக்கும், அந்த இடத்தில கம்பி மெலிஞ்சு போகும். குண்டில இருந்து அந்த நூல் தொடங்குற இடம் வரைக்கும் உள்ளதுதான் சுத்தின நீளம். நல்ல கம்பனியள் தங்கட அட்டவணையில அந்த நீளத்தைப் போடுவினம். சட்டம் சிம்பிள்: ஈ கம்பியின்ர சுத்தின நீளம் உங்கட முதல் அளவை விடக் கூடவா இருக்கோணும், ரெண்டாவது அளவை விடக் குறைவா இருக்கோணும். அதாவது நூல் நட்டைத் தாண்டின பிறகு தொடங்கோணும், கட்டையில சுத்துப்பட முதல் தொடங்கியிருக்கோணும்.

ஏன் இவ்வளவு கரைச்சல் எண்டு கேப்பியள். ஒரு கணக்குச் சொல்லுறன். உங்கட பேஸ் 30 இஞ்ச் ஸ்கேல், ஆனால் ரெயில்பீஸ் பிரிட்ஜுக்கு நாலு இஞ்ச் பின்னுக்கு நிக்குது எண்டு வைப்பம், முதல் அளவு 34 இஞ்ச் வரும். நீங்கள் "ஷோர்ட் ஸ்கேல்" எண்டு பெட்டியில போட்டிருக்கு எண்டு 32 இஞ்ச் சுத்தின கம்பியை எடுத்தால் நூல் நட்டுக்கு ரெண்டு இஞ்ச் முன்னால, ஃபிரெற் போர்டுக்கு மேல நிக்கும். 30 இஞ்ச் ஸ்கேலில முதல் ஃபிரெற் நட்டில இருந்து 1.7 இஞ்ச்தான். அப்ப முதல் ஃபிரெற்றை நீங்கள் நூலுக்கு மேலதான் அமத்துவியள். சுருதியும் நிக்காது, சத்தமும் வராது. இதாலதான் ரெயில்பீஸ் உள்ள சில ஷோர்ட் ஸ்கேல் பேஸுக்கு மீடியம் ஸ்கேல் செற் வாங்க வேண்டி வரும். பெட்டியில இருக்கிற பேர் கம்பனி குடுத்த பேர், உங்கட ரேப் சொல்லுறதுதான் உண்மை. செமி ஹொலோ சிலதில கம்பி பிரிட்ஜிலயே கொழுவும், அதுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, சாதாரண ஷோர்ட் ஸ்கேல் செற் போதும்.

மற்றப் பக்கம், நீளமான கம்பியை வாங்கி வெட்டிப் போட்டால் என்ன? றவுண்ட்வவுண்டில சில பேர் செய்யினம், தப்பியும் போகினம். ஃபிளாற்றில செய்யாதேங்கோ. தட்டைப் பட்டி கட்டையைச் சுத்தி மடியேக்க விரிஞ்சு பிளக்கும், ஈ கம்பி கட்டையின்ர வெட்டுக்குள்ள இறங்கவே இறங்காது, இறங்கினாலும் அந்த இடத்தில உடையும். லோங் ஸ்கேல் ஃபிளாற் "மலிவாக் கிடைச்சுது" எண்டு ஆரும் தந்தால், 34 இஞ்ச் பேஸ் வச்சிருக்கிற ஒரு ஆளுக்குக் குடுங்கோ.

தலை எப்பிடி எண்டும் பாருங்கோ. ஹொஃப்னரில பக்கத்துக்கு ரெண்டு கட்டை, ஈயும் ஜீயும் நட்டுக்குக் கிட்ட, ஏயும் டீயும் தூர. நாலும் ஒரே பக்கம் எண்டால் ஈ கிட்ட, ஜீ தூர. எப்பிடி இருந்தாலும் தடிச்ச ஈ கம்பிக்குத்தான் இடம் குறைவு, அதாலதான் ரெண்டாவது அளவை ஈயில எடுக்கச் சொன்னது.

இறுக்கமும் தடிப்பும்

கம்பி பொதியில 45-105 எண்டு இருக்கிறது ஆயிரத்தில ஒரு இஞ்ச் கணக்கு. ஜீ கம்பி 0.045 இஞ்ச் (1.14 மில்லிமீற்றர்), ஈ கம்பி 0.105 இஞ்ச் (2.67 மில்லிமீற்றர்). இனிப் பௌதிகம் கொஞ்சம். ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏத்தினால் இறுக்கம் நீளத்தின்ர வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். 30ஐ 34ஆல பிரிச்சு வர்க்கம் எடுத்தால் 0.78. அதாவது 34 இஞ்ச் பேஸில 40 இறாத்தல் இழுக்கிற அதே கம்பி 30 இஞ்ச் பேஸில கிட்டத்தட்ட 31 இறாத்தல்தான் இழுக்கும். ஈ கம்பி 41 ஹேர்ட்ஸில மெதுவா அதிருற சாமான், இறுக்கம் குறைஞ்சால் தொளதொளவெண்டு ஃபிரெற்றில அடிபடும். பாட்டுக்காரற்ற குரலுக்கு அரைச் சுருதி இறக்கி வாசிக்கிற ஆக்கள் எண்டால் அதில இன்னும் 11 வீதம் போகும். அதையும் சேத்து யோசியுங்கோ.

அப்ப தடிச்சதாப் போட்டால் சரியோ? பாதி சரி. கட்டை உள்ள செமி ஹொலோவுக்கு 45-105 ஃபிளாற் பயமில்லாமல் போடலாம், 34இல இறுக்கமா இருக்கிற செற் 30இல கைக்கு இதமா இருக்கும். வெறும் கூடு எண்டால் அவதானம். பிரிட்ஜ் கீழ்நோக்கி அமத்துற பாரம் மேற்பலகையில நேரா விழுது, கனக்க ஏத்தினால் பலகை பள்ளமாகும், கழுத்து முன்னுக்கு வளையும், பழைய பேஸ் சிலதில கழுத்துக்குள்ள சரிப்படுத்துற கம்பியே இருக்காது. அதுக்கு மெல்லிய செற்தான் போடோணும். லா பெல்லா ஹொஃப்னருக்கெண்டே 39-96 செற் விக்கிறது இதாலதான். மற்றப் பக்கம் மெத்த மெல்லிசாப் போனால், சும்மா நிக்கிற பிரிட்ஜ் காணுமான அழுத்தம் இல்லாமல் தட்டுக்குத் தட்டு நகரும்.

இன்னொண்டு, நம்பர் ஒண்டா இருந்தாலும் இறுக்கம் ஒண்டா இருக்காது. உள் கம்பி எவ்வளவு தடிப்பு, சுத்தின பட்டி என்ன உலோகம் எண்டதில எல்லாம் மாறும். தொமாஸ்டிக் ஜாஸ் ஃபிளாற் 34 இஞ்ச் செற் 43-100, நம்பரைப் பாத்தால் சாதாரணம், ஆனால் பிடிச்சால் மற்றக் கன ஃபிளாற் செற்றை விட மெதுமை. கம்பனி இறுக்கத்தை இறாத்தலிலயோ கிலோவிலயோ போட்டிருந்தால் அதைப் பாருங்கோ, எந்த ஸ்கேலுக்கு அளந்தது எண்டும் பாருங்கோ. 34 இஞ்சுக்கு எண்டால் 0.78ஆல பெருக்கினால் உங்கட 30 இஞ்ச் கணக்கு வந்திடும்.

எந்தப் பிராண்ட்

இப்பதான் இந்தக் கேள்விக்கு நேரம் வந்தது. உலோகத்தில இருந்து தொடங்கினால் சுகம். துருப்பிடிக்காத உருக்கில சுத்தினது (டடாரியோ குறோம்ஸ், லா பெல்லா) கொஞ்சம் கூர்மையா, புதுசில பளிச்செண்டு இருக்கும். சுத்த நிக்கலில சுத்தினது (வியன்னாவின்ர தொமாஸ்டிக்-இன்ஃபெல்ட், ஜேர்மனியின்ர பிரமிட் கோல்ட்) மெதுவா, நடுச்சுரம் கூடி, கையில வழுவழுப்பா இருக்கும். இங்கிலாந்தின்ர ரொட்டோசவுண்ட் ஜாஸ் பேஸ் 77 மோனெல் எண்ட நிக்கல்-செப்புக் கலவை, அதில ஒரு உறுமல் இருக்கு, இறுக்கமும் கூட.

என்ர அபிப்பிராயம் கேட்டால், முதல் முதல் ஃபிளாற் போடுற ஆளுக்கு, அளவு பொருந்துமெண்டால், டடாரியோ குறோம்ஸ். ஈசிபி81எஸ் எண்டால் ஷோர்ட் ஸ்கேல் 45-100, ஈசிபி81எம் எண்டால் அதே தடிப்பு மீடியம் ஸ்கேல். வெளிநாட்டில எந்தக் கடையிலயும் ஓரளவு சுகமாக் கிடைக்கும், புதுசில பளிச்செண்டு இருந்தாலும் வாசிக்க வாசிக்கப் படிஞ்சு வரும், றவுண்டில இருந்து வாற காதுக்கு அதிர்ச்சியா இருக்காது. வெறும் கூட்டு வயலின் பேஸுக்கு லா பெல்லா 39-96 தான் என்ர முதல் தெரிவு, ஏனெண்டால் நீளமும் இறுக்கமும் அந்த பேஸுக்கெண்டே செய்தது, கணக்குப் பாக்கிற வேலை மிச்சம். தொமாஸ்டிக் அருமையான கம்பி, ஆனால் 30 இஞ்சில அது எல்லாருக்கும் ஒத்துவராது, விரலால மெதுவாத் தட்டுற ஆளுக்குத் தேன், அடிச்சு வாசிக்கிற ஆளுக்கு ஈ கம்பி ஓடித்திரியும். விலையும் கூட. ரொட்டோசவுண்ட் 77 எனக்கு 34 இஞ்ச் பேஸில பிடிக்கும், வெறும் கூட்டில போட நான் சொல்லமாட்டன்.

கறுப்பு நைலோன் சுத்தின ரேப்வவுண்ட் எண்டு ஒரு சாதியும் இருக்கு, உள்ளுக்க உருக்குத்தான், அதால சாதாரண பிக்கப்பில வேலை செய்யும். சத்தம் கிட்டத்தட்ட நிண்டு வாசிக்கிற பெரிய டபிள் பேஸ் பக்கம் போகும். ஆனால் தடிப்புக் கூட, ரொட்டோசவுண்ட் ட்ரூ பேஸ் 88 எல்லாம் 65-115, ஜீ கம்பி 65 எண்டால் நட்டில இருக்கிற வெட்டுக்குள்ள இறங்காது, நட்டை அரம் போடோணும். அரம் போட்ட நட்டைத் திரும்பக் கூட்ட ஏலாது. அதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ.

ஆக்களிட்டச் சொல்லிவிடேக்க

கனடாவில ஸ்காபரோவில இருக்கிற மச்சான் ஃபோன் எடுத்து "டேய், நாளைக்குக் கடைக்குப் போறன், என்ன கம்பி எண்டு சொல்லு" எண்டால், "பேஸ் கம்பி ஒரு செற், ஃபிளாற்" எண்டு மட்டும் சொன்னீங்களெண்டால் கட்டாயம் லோங் ஸ்கேல்தான் வரும். கடைக்காரன் அதைத்தான் எடுத்துக் குடுப்பான், பிழை அவனில இல்லை. எழுத்தில அனுப்புங்கோ, பொதியின்ர படத்தையும் அனுப்புங்கோ, கம்பனி பேர், முழுக் கோட், கடைசி எழுத்து எஸ்ஸோ எம்மோ, தடிப்பு, சுத்தின நீளம் எத்தனை இஞ்சுக்குக் குறையக்கூடாது எண்டு. "அது இல்லாட்டில் வேற ஒண்டும் வேண்டாதை" எண்டும் சேத்துப் போடுங்கோ, ஏனெண்டால் எங்கட ஆக்கள் அன்பில "கிட்டத்தட்ட அதே மாதிரி" ஒண்டை வேண்டிக்கொண்டு வந்து நிப்பினம், காசையும் வாங்கமாட்டினம், உங்களால ஒண்டும் சொல்லவும் ஏலாது.

கொழுவுறது

பாயில ஒரு துவாய் விரிச்சு பேஸைக் கிடத்துங்கோ. கம்பியைத் தொட முதல் பிரிட்ஜின்ர காலைச் சுத்தி மாஸ்கிங் ரேப் சின்னத் துண்டுகளா ஒட்டுங்கோ, முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு பக்கமும். பென்சிலால மரத்தில கீறாதேங்கோ. பிரிட்ஜ் எந்தப் பக்கம் பாத்து நிக்குது எண்டு ஒரு படமும் எடுத்து வையுங்கோ, சிலதில தடிச்ச பக்கம் மெல்லிய பக்கம் எண்டு இருக்கு, மாறிப் போட்டால் சுருதி வராது.

ஒரு நேரம் ஒரு கம்பிதான். ஈயைத் தளர்த்திக் கழட்டி, புது ஈயைப் போட்டு, முழுச் சுருதிக்கு இல்லாமல் ஓரளவு இறுக்கி விட்டிட்டு, பேந்து ஜீ, பேந்து ஏ, கடைசியா டீ. இப்பிடி ரெண்டு ஓரத்தையும் முதல் பிடிச்சால் பிரிட்ஜ் சரியாது. ஃபிரெற் போர்டைத் துடைக்கோணும் எண்டால் ரெண்டு கம்பி நிக்கேக்க மற்றப் பக்கத்தைத் துடைச்சுக்கொள்ளுங்கோ.

குண்டை ரெயில்பீஸில கொழுவி, கம்பியைத் தன்ர பாட்டில தொங்கவிட்டுப் பாருங்கோ, முறுகல் இருந்தால் தானாச் சுத்தி நேராகும். முறுக்கோட கட்டையில சுத்தினால் ஃபிளாற்றின்ர பட்டி வாய் திறக்கும், அந்தக் கம்பி பிறகு ஒருநாளும் சுருதியில நிக்காது. இப்ப கம்பியை நேரா இழுத்து, தன்ர கட்டையைத் தாண்டி ரெண்டு மூண்டு இஞ்ச் விட்டு, அந்த இடத்தில குறட்டால செங்குத்தா மடியுங்கோ. மடிச்ச பிறகுதான் வெட்டோணும், மடிப்புக்கு அங்கால. மடிக்காமல் வெட்டினால் சுத்தினது அவிழ்ந்து உள் கம்பியில இருந்து கழரத் தொடங்கும், விலை கூடின செற்றில அதைப் பாக்கேக்க வயிறு எரியும். நுனியைக் கட்டையின்ர நடு ஓட்டைக்குள்ள இறக்கி, மேல இருந்து கீழ ரெண்டு மூண்டு சுத்து, ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறாமல்.

நட்டைப் பாருங்கோ. கம்பி வெட்டுக்குள்ள முழுசா இறங்கி இருக்கோணும், மேல தொத்திக்கொண்டு நிண்டால் சுருதி திருப்பேக்க "டிங்" எண்டு துள்ளித் துள்ளி ஏறும். பென்சில் கரியை வெட்டுக்குள்ள பூசினால் கொஞ்சம் வழுக்கும். அதுக்கும் இறங்காட்டில் அரம் போடத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ, கத்தியால சுரண்டுற வேலை வேண்டாம்.

சுருதிக்கு ஏத்தேக்க பிரிட்ஜின்ர தலையைப் பாத்துக்கொண்டே ஏத்துங்கோ. கம்பி இழுக்க இழுக்க பிரிட்ஜ் தலை நட் பக்கம் சரியும், மேல சரிஞ்சு கால் ஒரு ஓரத்தில மட்டும் நிக்கும். அப்பிடி விட்டால் ஒருநாள் படார் எண்டு விழுந்து மேற்பலகையைக் குத்தும். கொஞ்சம் தளர்த்தி, ரெண்டு பெருவிரலாலயும் நேராக்கி, திரும்ப ஏத்துங்கோ. ஏத்தி முடிய, பிரிட்ஜுக்கு முன்னாலயும் நட்டுக்கு முன்னாலயும் கம்பியை விரலால மெதுவா அமத்தி விடுங்கோ, ஃபிளாற் கம்பி விறைப்பு, அந்த மடிப்பு விழாட்டில் சத்தம் மங்கலா வரும். பேந்து ஒரு நாள் விடுங்கோ. புதுக் கம்பி இழுபடும், கழுத்தும் புது இழுப்புக்குப் பழகும்.

அடுத்த நாள் கழுத்தைப் பாக்கிறது. ஈ கம்பியை முதல் ஃபிரெற்றிலயும் கடைசி ஃபிரெற்றிலயும் ஒரே நேரம் அமத்தினால் 7ஆவது 8ஆவது ஃபிரெற் பக்கம் மெல்லிய இடைவெளி தெரியோணும், 0.3 மில்லிமீற்றர் அளவில. ஒண்டும் இல்லாட்டிலும் கனக்க இருந்தாலும் கழுத்துக்குள்ள இருக்கிற சரிப்படுத்துற கம்பியைக் கால் சுத்துக்கு மேல ஒரு நேரத்தில திருப்பாதேங்கோ, திருப்பி ஒரு இரவு விட்டுப் பாருங்கோ.

கடைசியா இன்ரனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சரியா நிக்கப் பண்ணுறது. ரியூனரில 12ஆவது ஃபிரெற் ஹார்மோனிக்கையும் (ஃபிரெற்றுக்கு நேர மேல கம்பியை அமத்தாமல் தொட்டுத் தட்டினால் வாற சத்தம்) அதே ஃபிரெற்றை அமத்தின சத்தத்தையும் ஒப்பிடுங்கோ. அமத்தினது கூடினால் பிரிட்ஜ் அந்தப் பக்கம் பின்னுக்கு, ரெயில்பீஸ் பக்கம் போகோணும். குறைஞ்சால் முன்னுக்கு. சும்மா நிக்கிற பிரிட்ஜ் எண்டால் ஈ பக்கமும் ஜீ பக்கமும் தனித்தனியா நகர்த்தி அந்த ரெண்டையும் முதல் சரியாக்குங்கோ, நடு ரெண்டும் கிட்டத்தட்டத் தானா வரும். ஹொஃப்னர் பிரிட்ஜில ஃபிரெற் கம்பித் துண்டு வைக்கிற சின்ன வெட்டு வரிசை இருக்கும், துண்டைக் கழட்டி முன் பின் வெட்டில மாத்திக் கொஞ்சம் திருத்தலாம். எல்லாம் முடிய, பழைய மாஸ்கிங் ரேப்பை எடுத்துப்போட்டுப் புது இடத்தில ஒட்டி அளந்து வச்சுக்கொள்ளுங்கோ.

மேடையிலயும் வீட்டிலயும்

ஃபிளாற் போட்ட உடனே ஒரு கம்பி பெலமாயும் ஒண்டு மெலிவாயும் கேட்டால் கம்பியைக் குறை சொல்லாமல் பிக்கப் உயரத்தைப் பாருங்கோ, ஈ பக்கம் கொஞ்சம் இறக்கி ஜீ பக்கம் கொஞ்சம் ஏத்தினால் கன நேரம் அதோட சரிவரும். ஹொலோ பொடி மேடையில ஊளையிடுறது கீழ்ச் சுரத்தில, ஃபிளாற் போட்டால் அது நிக்கும் எண்டு நினைக்காதேங்கோ. சப் வூஃபருக்கு நேர முன்னால நிக்காமல் பக்கத்துக்கு நகருங்கோ, ஆம்பில கீழ்ச் சுரத்தைக் கொஞ்சம் வெட்டி நடுச்சுரத்தைக் கூட்டுங்கோ. பிரிட்ஜுக்குக் கிட்டக் கம்பிக்குக் கீழ ஒரு துண்டு ஃபோம் வச்சால் இழுப்பு இன்னும் குறையும், பைலாவுக்கு அது நல்லா வேலை செய்யும்.

யாழ்ப்பாணத்து உப்புக் காத்தும் வியர்வையும் றவுண்ட்வவுண்டை ரெண்டு மாசத்தில சாக்கொல்லும். ஃபிளாற்றில ஊத்தை தங்குற பள்ளம் இல்லை, அதால அது வருசக்கணக்கா நிக்கும், வாசிச்சு முடியக் காய்ஞ்ச துணியால மேலயும் கீழயும் துடைச்சால் போதும். எண்ணெய் பூசாதேங்கோ. பழைய றவுண்ட் கம்பியை அவிச்சுப் போடுற பழக்கம் இருக்கிற ஆக்கள் ஃபிளாற்றை அவிக்கப் போயிடாதேங்கோ, நூலுக்குள்ளயும் பட்டிக்கு அடியிலயும் தண்ணி நிண்டு உள்ளால துரு ஏறும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு மேற்பலகை கொஞ்சம் உப்பி கம்பி உயரும், பங்குனி சித்திரை வெயிலுக்கு இறங்கும், அது கம்பியின்ர பிழை இல்லை, பிரிட்ஜின்ர ரெண்டு பக்கத் திருகையும் அரைச் சுத்துத் திருப்பினால் சரி.

மாத்துறது எப்ப எண்டால், சத்தம் மங்கிறதை வச்சு முடிவெடுக்காதேங்கோ, மங்கிறதுக்குத்தான் ஃபிளாற் போடுறது. 12ஆவது ஃபிரெற்றில என்ன செய்தும் சுருதி ஒத்துவராட்டில், இல்லாட்டி பட்டி எங்கயும் வாய் திறந்து விரலில தட்டுப்பட்டால், அப்ப மாத்துங்கோ. கழட்டின செற்றில நல்லா இருக்கிற கம்பியளை வட்டமாச் சுத்தி அதே பொதிக்குள்ள போட்டு, நீங்கள் எடுத்த ரெண்டு அளவையும் பொதிக்கு வெளியில பேனையால எழுதி பேஸ் பெட்டிக்குள்ளயே வையுங்கோ. திருவிழாவுக்கு முதல் நாள் ஜீ கம்பி அறுந்தால் ஊரில வேற எங்கயும் ஒண்டு எடுக்க ஏலாது, அடுத்தமுறை மச்சான் கேக்கேக்கயும் அந்தப் பொதியைப் படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிஞ்சுது.